ஆம்பூர் அளவு இலாகாவின் கதவடைப்பு விழா

உலகம் படைக்கப்பட்டபோது அளவுத் தணிக்கை இலாகா இருக்கவில்லை. இருந்திருந்தால் ஏலகிரி மலை இப்படி ஒரு பக்கம் சரிந்து, மறு பக்கம் புடைத்து, கேட்பாரில்லாமல் நின்றிருக்காது. பாலாறும் இஷ்டத்துக்கு வளைந்து ஓடியிருக்காது. இதை நான் சொல்லவில்லை. இலாகாவின் சூப்பரின்டெண்டு ராவ்சாகிப் ரத்தினசாமி அவர்களே ஒரு கூட்டத்தில் சொன்னார். சொல்லிவிட்டு, படைப்பின் குறைபாடுகளுக்கு இலாகா பொறுப்பல்ல என்று குறிப்பும் எழுதி வைத்தார்.

இலாகாவுக்கு நேர் எதிரே வெற்றிலை பாக்குக் கடை வைத்திருந்தவன் நான். அங்கே நடந்த கூத்தெல்லாம் சுண்ணாம்பு தடவிக்கொண்டே பார்த்தவன்; பார்க்காததை வெற்றிலை போட வந்தவர்கள் வாயால் கேட்டவன். ஆகவே பொய் சொல்லவேண்டிய அவசியம் எனக்கில்லை. உள்ளதே போதும்.

ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் காலம். பட்டாளத்துக்குப் பூட்ஸ் வேண்டும், பூட்ஸுக்குத் தோல் வேண்டும், தோலுக்கு ஆம்பூர் வேண்டும். சென்னையில் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த ஒரு துரை, சீமைப் பத்திரிகை ஒன்றைப் படித்தார். எந்திரங்களின் உறுப்புகளை ஒரே அளவாகச் செய்தால் ஓர் ஆலையின் உறுப்பு இன்னோர் ஆலைக்கும் பொருந்தும் என்று அதில் எழுதியிருந்தது. நல்ல விஷயம்தான், யார் வேண்டாம் என்றது? ஆனால் அடுத்த பக்கத்தைத் துரை புரட்டவில்லை. அளவு என்றால் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும், அந்த முன்னே பின்னே எவ்வளவு என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும் என்று அடுத்த பக்கத்தில் போட்டிருந்ததாம். அதற்குள் துரைக்கு டிபன் வந்துவிட்டது. துரை தின்ற டிபனுக்கு ஆம்பூர் ஏப்பம் விட்டது.

இலாகா வந்தது. பட்டாளத்துக்குத் தோல் பதனிட்டுக் கொடுக்கும் மண்டிகளில் எந்த உறுப்பை மாற்றினாலும் இலாகாவின் கிரீட முத்திரை வாங்கவேண்டும், வரைபடத்தில் என்ன அளவோ அதே அளவு இருக்கவேண்டும் என்று சட்டமாயிற்று. வரைபடம் இரண்டு அங்குலம் என்றால் இரண்டு அங்குலம். கூடவும் கூடாது, குறையவும் கூடாது. அதற்குமுன் ஆம்பூரில் ஒரு மண்டியின் அச்சு இன்னொரு மண்டிக்குப் பொருந்தாது. இலாகா வந்தபிறகு எந்த அச்சும் எந்த மண்டிக்கும் பொருந்தவில்லை. ஊரில் சமத்துவம் வந்துவிட்டது.

இந்த நேரம் பார்த்துத்தான் இஷ்தியாக் அகமது மாட்டிக்கொண்டார்.

பாவம், அவர் அத்தர் வியாபாரி. தாழம்பூ, கஸ்தூரி என்று சின்னக் குப்பிகளோடு ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்த மனிதர். அவர் ஆபா என்று கூப்பிடும் அக்கா நசீமுன்னிசாவின் வீட்டுக்காரர் காலமானதும், பாலாற்றங்கரைத் தோல் மண்டி அக்காவின் தலையில் விழுந்தது. அவள் பர்தாவுக்குள் இருப்பவள். வெளியே போய்ப் பேச ஓர் ஆண்பிள்ளை வேண்டும் என்று தம்பியை வரவழைத்தாள். அத்தர் முகர்ந்த மூக்கைக் கொண்டுபோய்ச் சுண்ணாம்புத் தொட்டிக்கு மேல் நிறுத்தினால் என்ன ஆகும்? கொஞ்ச நாள் மூக்கில் பஞ்சை வைத்துக்கொண்டு அலைந்தார். மண்டியை நடத்தியதென்னவோ நசீமுன்னிசாதான். திரைக்குப் பின்னாலிருந்தே தோலை இரண்டு விரலால் கிள்ளிப் பார்த்து, அந்த மாடு எந்தப் பக்கமாகப் படுத்துத் தூங்கியது என்று சொல்லிவிடுவாள்.

மண்டியில் ஒரு பெரிய மர டிரம் இருந்தது. சுண்ணாம்பில் ஊறி மயிர் கழிந்த தோல்களை அதற்குள் போட்டு, ஆவாரம்பட்டைச் சாறு ஊற்றி, எண்ணெய் எஞ்சினால் சுற்றவிட்டால் தோல் பதமாகும். அதன் இரும்பு அச்சும், அச்சு உட்காரும் பித்தளை வளையமும் தேய்ந்து, டிரம் தள்ளாட ஆரம்பித்தது. அந்த வளையத்தை ஊரில் புஷ் என்பார்கள். புது அச்சு, புது புஷ், தீர்ந்தது வேலை. அதற்குள் இலாகா ஆட்கள் வந்து, ஆடுகிற டிரம் ஓடக்கூடாது என்று அரக்கு வைத்துச் சீல் போட்டுவிட்டார்கள்.

தொட்டிகளிலோ தோல் நிறைந்து கிடந்தது. வெளியே எடுத்து வைத்தால் அழுகும். உள்ளேயே விட்டால் சுண்ணாம்பில் கரைந்து கஞ்சியாகும்.

"தொட்டில கெடக்கறது வெறுந் தோல்னு நெனச்சியா இஷ்தியாக்? நம்ம சோறு அது. நம்மள நம்பி இருக்கற ஆளுங்க சோறு. இந்த சரக்கு போச்சுன்னா மண்டி கேட்ட இழுத்துப் பூட்டிட்டு, நீ உன் குப்பியத் தூக்கினு கெளம்பு. முத்திரை வாங்காம வீட்டுப் பக்கம் வராத" என்றாள் நசீமுன்னிசா. அவள் சொன்னது உருதுவில். தமிழில் எழுதினால் பாதிக் காரம்தான் வருகிறது.

இஷ்தியாக் நேராக தேவசகாயத்தின் லேத் பட்டறைக்குப் போனார். தேவசகாயம் பெரிய மீசைக்காரர். லேத் ஓடும்போது அதைவிடச் சத்தமாகக் கோயில் பாட்டுப் பாடுவார். சண்டை என்றால் அவருக்குச் சர்க்கரைப் பொங்கல். வழக்கம்போலப் புஷ்ஷின் துளையை இரண்டு அங்குலமாகவும், அச்சை அதைவிட ஒரு மயிரிழை கம்மியாகவும் கடைந்து கொடுத்தார்.

இஷ்தியாக் அதைத் துணியில் சுற்றிக்கொண்டு இலாகாவுக்கு வந்தார்.

இலாகாவில் ஓர் அளவு எடுப்பதென்றால் லேசுப்பட்ட காரியமா? நடுக்கூடத்தில் ஆதாரக்கல் என்று ஒரு கருங்கல் பலகை இருக்கும். எல்லா அளவுக்கும் அதுதான் தொடக்கம். அதன்மேல் பொருளை வைத்தால் கல் தேய்ந்துவிடும் என்று யாரும் அதைத் தொடக்கூடாது என உத்தரவு. ஆகவே அதைப் பார்த்து இன்னொரு கல் செய்தார்கள். அதுவும் தேயுமே என்று அதற்கும் கம்பி வேலி போட்டார்கள். கடைசியில் எல்லா அளவும் பியூன் காசியின் முக்காலிமேல் வைத்துத்தான் எடுக்கப்பட்டது. காசி டிபனுக்குப் போகும்போது முக்காலியை ஓரமாகத் தள்ளிவிட்டுப் போனால் அன்றைக்கு அளவு கிடையாது. அளவுக் கருவியை வெல்வெட் பெட்டியிலிருந்து எடுக்குமுன் காசி அதற்குக் கற்பூரம் காட்டுவார். சூடு பட்டுப் பித்தளை விரியாதா என்று யாரோ கேட்டதற்கு, பக்திக்கு அளவு கிடையாது என்று பதில் வந்தது.

ராவ்சாகிப் அச்சை அளந்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். மாட்டினார். மறுபடி அளந்தார்.

"மிஸ்டர் இஷ்தியாக், இது இரண்டு அங்குலத்துக்கு ஒரு மயிரிழை குறைவு. அந்த மயிரிழை எங்கே?"

"லேத் பட்டறைல தரையில கெடக்கும் சார்."

"சர்க்கார் வரைபடத்தில் உள்ளதைத் தரையில் போட்டீர்களா? கொண்டு வாருங்கள்."

இஷ்தியாக் நிஜமாகவே போனார். தேவசகாயம் பாடிக்கொண்டிருக்க, காலடியில் குனிந்து இரும்புச் சீவலைப் பொறுக்கி, பழைய தாழம்பூ அத்தர்க் குப்பியில் போட்டு அடைத்துக் கொண்டுவந்தார். ராவ்சாகிப் குப்பியை முகர்ந்து பார்த்து, "மணம் வரைபடத்தில் இல்லை" என்று திருப்பிக் கொடுத்தார். அச்சும் தள்ளுபடி.

தேவசகாயத்துக்கு வந்ததே கோபம்! "அச்சு ஓட்டைக்குள்ள போவணும்னா கொஞ்சம் லூஸ் வெக்காம எப்டி பாய்? செருப்பு தெக்கறவன்கிட்ட கேளு, சட்டி பண்றவன்கிட்ட கேளு, பொறந்த கொழந்தைக்குத் தெரியும். இவுருக்கு ரெண்டுன்னா ரெண்டு வேணுமா? கரெக்ட்டா தர்றேன். வாங்கி அனுபவிக்கட்டும்!" என்று வீம்புக்கு ராப்பகலாக உட்கார்ந்து கடைந்தார். அச்சும் இரண்டு அங்குலம். துளையும் இரண்டு அங்குலம். சுத்தம்.

இலாகாவில் விழாக்கோலம். ராவ்சாகிப் அச்சைத் தடவிப் பார்த்துக் கண்கலங்கினார். கிரீட முத்திரை அச்சில் ஒன்று, புஷ்ஷில் ஒன்று விழுந்தது. காசி எல்லோருக்கும் சர்க்கரை கொடுத்தார்.

மண்டிக்கு வந்தார்கள். அச்சைப் புஷ்ஷில் வைத்தார்கள். போகவில்லை. எண்ணெய் விட்டார்கள். போகவில்லை. கட்டையால் தட்டினார்கள், நான்கு பேர் மல்லுக்கட்டினார்கள், ஒருவர் பிஸ்மில்லா சொன்னார், ஒருவர் முருகனைக் கூப்பிட்டார், தேவசகாயம் கையைக் கட்டிக்கொண்டு மீசைக்குள் சிரித்தார். அச்சு வாசலிலேயே நின்றது. திரைக்குப் பின்னாலிருந்து நசீமுன்னிசா, "என்னாச்சு?" என்றாள்.

இஷ்தியாக் இரண்டையும் தூக்கிக்கொண்டு மறுபடி இலாகாவுக்கு ஓடினார். ராவ்சாகிப் பொறுமையாகக் கேட்டார். பிறகு எழுந்து நின்று பேசினார். உட்கார்ந்து பேசினால் அது அபிப்பிராயம், நின்று பேசினால் அது தீர்ப்பு என்பது இலாகாவின் வழக்கம்.

"அச்சு சரியா? சரி. புஷ் சரியா? சரி. சரியான இரண்டு பேர் சேர்ந்து வாழ மறுத்தால் அது குடும்பத் தகராறு. சர்க்கார் அதில் தலையிடாது. நாங்கள் அளவைப் பார்ப்பவர்கள். எந்திரம் ஓடுகிறதா என்று பார்ப்பது எங்கள் வேலை அல்ல. உண்மையைச் சொன்னால், ஓடாத எந்திரத்தை அளப்பதுதான் எங்களுக்குச் சுலபம்."

"அப்ப நான் இன்னா சார் பண்றது?"

"அச்சு நுழைய இடம் விடும் இளக்கம் வேண்டி மனு கொடுங்கள். ஆனால் ஒன்று சொல்லிவிடுகிறேன். இந்த இலாகாவில் இதுவரை யாருக்கும் இளக்கம் கொடுத்ததில்லை. இன்றைக்கு அச்சுக்கு இளக்கம் கேட்பீர்கள். நாளைக்கு அணைக்கட்டு ஊர் விவசாயி கலப்பைக்குக் கேட்பான். பேரணாம்பட்டு வண்டிக்காரன் சக்கரத்துக்குக் கேட்பான். நாளன்றைக்கு ராஜாங்கமே ஆடும்."

மனு போயிற்று. அதை விசாரிக்க ஒரு கமிட்டி வந்தது: ராவ்சாகிப், கூட இரண்டு மெம்பர்கள், முத்திரைப் பெட்டியோடு ஹெட் கிளார்க். நாலு பேரும் மூக்கில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு மண்டிக்குள் நுழைந்தார்கள். அச்சு இளக்கத்துக்குத் தகுதியானதா என்பதற்குமுன், அது தாங்கும் டிரம் வட்டமானதா என்று தெரியவேண்டுமாம். நூல் பிடித்தார்கள், குச்சி வைத்தார்கள், ஒரு மெம்பர் டிரம்முக்குள் இறங்கி உள்வட்டம் பார்த்தார். அவரை வெளியே எடுக்கத் தனியாக ஆள் விடவேண்டியதாயிற்று.

"இது வட்டம் இல்லை. வட்டத்துக்குத் தூரத்து உறவு" என்று ராவ்சாகிப் அறிவித்தார்.

இஷ்தியாக் டிரம்மின் பலகையைத் தட்டிக் காட்டினார். "மரப்பலகை சார். காஞ்சா சுருங்கும், தண்ணி பட்டா ஊதும். எப்பவும் ஒரே அளவா எப்டி இருக்கும்?"

"மரம் அப்படிச் செய்யலாம் என்று எந்த உத்தரவில் இருக்கிறது?"

தொட்டியில் ஒரு தோலைத் தூக்கிப் பார்த்த ஆள், அதன் ஓரம் கையோடு வந்துவிட்டதை இஷ்தியாக்கிடம் காட்டினான். இஷ்தியாக் அதைச் சட்டென்று பைக்குள் மறைத்துக்கொண்டார். அக்கா பார்த்தால் நெஞ்சு வெடித்துவிடும் என்று பயம்.

மதியமாயிற்று. வந்தவர்களுக்குச் சோறு போடாமல் அனுப்புவது அந்த வீட்டில் இல்லை. நசீமுன்னிசா பிரியாணி தேக்ஷாவை அனுப்பினாள். மூடியைச் சுற்றிக் கோதுமை மாவைப் பிசைந்து ஒட்டித் தம் போட்டிருந்தது. ராவ்சாகிப் கையைக் கழுவிக்கொண்டு வந்தவர், மாவைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"இது என்ன?"

"தம் போட்டிருக்குது சார். ஆவி வெளிய போவாம இருக்கறதுக்கு."

"அதாவது, மூடிக்கும் பாத்திரத்துக்கும் இடையே இளக்கம் இருக்கிறது. அதை மாவு பூசி மறைத்திருக்கிறீர்கள். தடயத்தை மறைப்பது தனிக் குற்றம்!"

திரைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. "லூஸ் இல்லாம மூடி செஞ்சா போடவும் முடியாது எடுக்கவும் முடியாதுன்னு சொல்லு இஷ்தியாக். சாப்பிடறதுன்னா சாப்பிடச் சொல்லு. இல்லன்னா பக்கத்து வீட்டுக்குக் குடுத்துர்றேன்."

ராவ்சாகிப் மூன்று தட்டு சாப்பிட்டார். குற்றத்தைக் குறித்தும் வைத்துக்கொண்டார். போகும்போது, "மனு மேலிடத்தின் பரிசீலனைக்குப் போகும். நிற்க. அடுத்த வெள்ளிக்கிழமை புதிய ஆபீஸ் கட்டடத்துக்கு விழா. விருந்தை மனுதாரர் தம் சொந்த விருப்பத்தின் பேரில் ஏற்றுக்கொள்கிறார் என்று எழுதிக்கொள்ளட்டுமா?" என்றார். எழுதிக்கொண்டார்.

பழைய ஆபீசை ஒட்டி, என் கடைக்கு எதிரிலேயே எழும்பிய அந்தப் புதிய கட்டடத்தைப் பற்றி அவசியம் சொல்லவேண்டும். ஆம்பூரில் தோல் நாற்றம் வீசாமல் மல்லிகையா மணக்கும்? ராவ்சாகிபுக்கு அது ஒத்துக்கொள்ளவில்லை. நாற்றம் என்பது காற்று தன் அளவை மீறுவது என்பது அவர் கொள்கை. ஆகவே ஜன்னலே திறக்காத கட்டடம் கட்டச் சொன்னார். வெளிச்சத்துக்கு உயரத்தில் ஒரு கண்ணாடி, அதுவும் சுவரோடு பதித்தது. கதவு? நிலை என்ன அளவோ கதவும் அதே அளவு. தச்சர் வழக்கம்போல் சுற்றிலும் கொஞ்சம் இடம் விட்டுச் செய்ததைத் தள்ளுபடி செய்து, மறுபடி செய்யவைத்தார். கைப்பிடி வரைபடத்தில் இல்லை, ஆகவே கதவிலும் இல்லை.

வெள்ளிக்கிழமைக்கு முந்தின நாளெல்லாம் மழை கொட்டித் தீர்த்தது. விழாவன்று காலையில் காசி குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றி வாசற்படியையும் கதவையும் கழுவிப் பொட்டு வைத்தார். ஊரே என் கடை வாசலில் கூடிவிட்டது. இஷ்தியாக் அச்சையும் புஷ்ஷையும் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு வந்திருந்தார். மேலிடத்திலிருந்து ஏதாவது வந்திருக்காதா என்று ஆசை. கூடவே தேவசகாயம், கூத்துப் பார்க்க.

ராவ்சாகிப் படியில் நின்று பேசினார்.

"மற்ற இலாகாக்கள் திறப்பு விழா நடத்துகின்றன. திறப்பது என்ன பிரமாதம்? எந்த மூடனும் திறப்பான். அடைப்பதில்தான் நிர்வாகம் இருக்கிறது! ஆகையால் நாம் கதவடைப்பு விழா கொண்டாடுகிறோம். இந்தக் கதவை அடைத்தபின் ஈ நுழையாது, எறும்பு நுழையாது, ஆம்பூரின் துர்நாற்றம் நுழையாது. மனுதாரர்களும் இதே கதவைப் போல் இருந்தால் நாடு எவ்வளவு அமைதியாக இருக்கும்!"

எல்லோரும் கைதட்டினோம். கமிட்டி நாலு பேரும் உள்ளே போனார்கள். காசியும் இஷ்தியாக்கும் தேவசகாயமும் வெளியிலிருந்து கதவைத் தள்ளினார்கள். முக்கால்வாசி வந்து நின்றது. "பலமாக!" என்று உள்ளிருந்து உத்தரவு வந்தது. தோள் கொடுத்து முட்டினார்கள். தொம்மென்று உட்கார்ந்தது பாருங்கள், சுவர் எது கதவு எது என்று தெரியவில்லை! காசி ஒரு தபால் அட்டையைச் சந்தில் விட்டுப் பார்த்தார். நுழையவில்லை. உள்ளே கைதட்டல் கேட்டது.

கொஞ்ச நேரத்தில், "சரி, திற" என்றது உள்ளிருந்து.

எதைப் பிடித்துத் திறப்பது? உள்ளிருந்து நாலு பேரும் தள்ளினார்கள். தண்ணீரில் ஊறிய மரம் நிலையோடு இறுகிப்போயிருந்தது. அசையவில்லை.

"ஒடச்சுடட்டுமா எஜமான்?" என்றார் காசி.

"தொடாதே! சர்க்கார் சொத்து! எழுத்து மூலம் உத்தரவில்லாமல் ஒரு சிராய் பெயரக்கூடாது!" என்று பழக்க தோஷத்தில் ராவ்சாகிபே கத்திவிட்டார். பிறகு நிலைமை புரிந்தது. "இரு, இரு. எழுத்து மூலம் தருகிறேன்." உள்ளே காகிதம் சரசரத்தது. முத்திரை விழும் சத்தம் கேட்டது. "எழுதியாகிவிட்டது!"

"குடுங்க எஜமான்."

"எப்படியடா கொடுப்பது? கதவுக்கடியில் இடமில்லையே!"

"கண்ணாடிய ஒடச்சுப் போடுங்களேன்."

"முத்திரை வைத்த கண்ணாடியடா! அதற்கும் தனி உத்தரவு வேண்டும்."

"அதயும் எழுதிக் குடுங்க எஜமான்."

தெருவே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. நான் சிரித்த சிரிப்பில் வெற்றிலைத் தண்ணீர்ச் சட்டி கவிழ்ந்தது. இஷ்தியாக் மட்டும் சிரிக்கவில்லை. அவர் மனசெல்லாம் தொட்டியில் இருந்தது.

அப்போதுதான் திரை கட்டிய மாட்டுவண்டி வந்து நின்றது. உள்ளே நசீமுன்னிசா, கூட விருந்துத் தேக்ஷா. இஷ்தியாக் ஓடிப்போய் விஷயத்தைச் சொன்னார்.

"காசி அண்ணே, உங்க எஜமானுக்கு வெளிய வரணுமா?" என்றாள்.

"ஆமாம்மா. ரொம்ப பேஜாரா கீறாரு."

"கதவுக்கு லூஸ் வேணுமாக்கும்? மொதல்ல என் அச்சுக்குக் குடுக்கச் சொல்லுங்க."

காசி அதைக் கதவின் மேல் வாயை வைத்துக் கத்தினார்.

"அந்த மனு மேலிடத்தின் பரிசீலனையில் இருக்கிறது!" என்றது கதவு.

"அப்ப கதவும் பரிசீலனைலயே இருக்கட்டும்" என்றாள் நசீமுன்னிசா. "இஷ்தியாக், தேக்ஷாவ எறக்கு. சூடு ஆறிடும்."

இஷ்தியாக் மாவை உடைத்து மூடியைத் திறந்தார். அடடா! நெய்யும் கறியும் புதினாவும் தெருக்கோடி வரைக்கும் மணந்தது. தோல் நாற்றத்தில் மூக்கைத் தொலைத்திருந்த இஷ்தியாக்கே ஒரு நிமிஷம் கண்ணை மூடினார்.

"என்ன சத்தம் அங்கே?" என்றார் ராவ்சாகிப்.

"தம் ஒடைக்கறாங்க எஜமான்."

"வாசனையே வரவில்லையே!"

"கதவு அவ்ளோ கரெக்ட்டா கீது எஜமான்."

உள்ளே ஒரு மெம்பர் அழுதுவிட்டார் என்று பிற்பாடு கேள்வி. தெருவில் இலை விழுந்தது. நாங்கள் உட்கார்ந்தோம். காசி கறித்துண்டைக் கடிக்கும் ஒவ்வொரு தடவையும் கடமை தவறாமல் உள்ளே சொல்லிக்கொண்டிருந்தார். தேக்ஷா பாதி காலியானபோது ராவ்சாகிபின் குரல் உடைந்தது.

"கொடுக்கிறேன்! இளக்கம் கொடுக்கிறேன்! எவ்வளவு வேண்டுமானாலும்!"

இஷ்தியாக் எழுந்து கதவருகே போனார். இத்தனை நாள் இலாகா கற்பித்த பாடம் வீண்போகவில்லை. "'எவ்வளவு வேணும்னாலும்' ஒரு அளவு இல்லையே சார். கரெக்ட்டா சொல்லுங்க. ஜாஸ்தியும் வேணாம், கம்மியும் வேணாம்."

உள்ளே குசுகுசுவென்று கமிட்டி கூடியது. அவர்களுக்கு இரண்டு அங்குலம் தெரியும், மூன்று அங்குலம் தெரியும், அளவுக்கும் அளவுக்கும் நடுவில் இருக்கும் ஒன்றுக்கு அவர்களிடம் பெயரே இல்லை. வண்டித் திரைக்கு வெளியே ஒரு கை நீண்டது. அதில் ஓர் ஆட்டுத்தோல் சீவல், வெங்காயச் சருகு கனத்தில்.

"இந்த கனம். கதவுக்கும் இதான், அச்சுக்கும் இதான். எழுதி முத்திரை போடச் சொல்லு. போட்ட காயிதம் வெளிய வந்தப்புறம்தான் மிச்சக் கதவு."

ராவ்சாகிப் எழுதினார். தேவசகாயம் உளியை எடுத்துக் கதவின் கீழ் விளிம்பைச் சுரண்டினார். சீவலை வைத்துப் பார்த்தார், நுழையவில்லை. இன்னும் சுரண்டினார். நுழைந்தது. ஊர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. அந்தச் சந்து வழியாக, கிரீட முத்திரை ஈரம் காயாத மெல்லிய காகிதம் ஒன்று, தயங்கித் தயங்கி வெளியே வந்தது. ஒரு சீவல் இளக்கம், சகல அச்சுகளுக்கும், உடனே.

இஷ்தியாக் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். தேவசகாயம் அச்சைத் தூக்கிக்கொண்டு பட்டறைக்கு ஓடினார். கோயில் பாட்டு கேட்டது, நின்றது. வந்து, எண்ணெய் விட்டு, அச்சைப் புஷ்ஷுக்குள் விட்டார். வழுக்கிக்கொண்டு போயிற்று. ஒரு விரலால் சுண்டினார். சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. இஷ்தியாக் தெரு நடுவில் உட்கார்ந்து சின்னப் பிள்ளை மாதிரி விம்மி அழுதார்.

"அழுதது போதும், ஓடு! சீல ஒடச்சு எஞ்சினப் போடு!" என்று வண்டிக்குள்ளிருந்து அதட்டல் வந்தது. அந்தக் குரலும் கரகரத்தது என்று என் காதுக்குப் பட்டது.

கதவை முழுக்கச் சுரண்டி எடுத்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. நாலு பேரும் வியர்வையில் நனைந்து வெளியே வந்தார்கள். தேக்ஷாவில் அடிச்சோறு கொஞ்சம் இருந்தது. அதை ராவ்சாகிப் நின்றுகொண்டே சாப்பிட்டார். ஆகவே அதைத் தீர்ப்பென்றுதான் எடுத்துக்கொள்ளவேண்டும்.

டிரம் அன்றைக்கே ஓடியது. ஓரம் கரைந்த சில தோல்கள் போனது போகட்டும், மற்றதெல்லாம் பிழைத்தது. கேட் பூட்டப்படவில்லை. யாரும் கஞ்சிக்கு அலையவில்லை.

இலாகா சும்மா இருக்குமா? உலகத்திலேயே முதன்முதலாக இளக்கம் என்பதைக் கண்டுபிடித்தவர் என்று ராவ்சாகிபைப் பாராட்டிச் சென்னையில் பெரிய உத்தியோகம் கொடுத்தார்கள். இளக்கத்தைக் கண்காணிக்கத் தனிப் பிரிவு ஒன்று வந்தது. நசீமுன்னிசாவின் ஆட்டுத்தோல் சீவலைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்து, கம்பி வேலி போட்டு, கற்பூரம் காட்டினார்கள். அது வெயிலுக்குச் சுருங்கியது, மழைக்கு உப்பியது. மாகாணத்தின் இளக்கமும் கூடவே சுருங்கி உப்பியது.

அடுத்த கோடையில் இஷ்தியாக்குக்கு ஒரு நோட்டீசு வந்தது. தடித்த சர்க்கார் காகிதம், கிரீடம் பொறித்தது. மேற்படி மண்டியின் அச்சில் உள்ள இளக்கம், பெட்டியில் உள்ள சீவலோடு இம்மியளவு வேறுபடுவதாகத் தெரிகிறபடியால், அந்த இம்மி எங்கே என்று உடனே காட்டவேண்டியது.

இஷ்தியாக் அதை மண்டியில் நின்று படித்தார். டிரம் சுற்றிக்கொண்டிருந்தது. அதைத் தாங்கும் கட்டையின் ஒரு கால் தரையில் சரியாக உட்காராமல் கொஞ்ச நாளாகவே டக் டக் என்று தட்டிக்கொண்டிருந்தது. அவர் நோட்டீசை இரண்டாக மடித்தார், நாலாக மடித்தார், எட்டாக மடித்தார். குனிந்து அந்தக் காலுக்கடியில் செருகினார். சத்தம் நின்றது.

"இன்னாடா அது, டக் டக்குனு கேட்டுனு இருந்துச்சே, நின்னுபோச்சு?" என்றாள் நசீமுன்னிசா திரைக்குப் பின்னாலிருந்து.

"இலாகாலேர்ந்து ஒண்ணு வந்துச்சு ஆபா. கரெக்ட்டா பொருந்திடுச்சு."